தக்கைப்பூண்டு விதைப்பது எளிது, மடக்குவதுதான் வேலை

மன்னார்குடிக்குத் தெற்கே எனக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. மா கணக்கு தெரியாதவர்களுக்கு, ஏறக்குறைய ஓர் ஏக்கர். கெட்டிக் களிமண். சித்திரையில் வெடித்தால் வெடிப்புக்குள் கை முழுசாகப் போகும். ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை என்பதால் சம்பா ஒரு போகம்தான். தை, மாசியில் அறுத்தால் ஆடி வரைக்கும் நிலம் சும்மா கிடக்கும்.

அப்பா இருந்தவரை பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தை ஓட்டிவரும் கீதாரிகளிடம் சொல்லி ஆட்டுக்கிடை போடுவார். நான்கைந்து ராத்திரி ஆடுகள் படுத்து எழுந்தால் அந்த வருஷ உரக் கவலை பாதி தீர்ந்தது. இப்போது எங்கள் பக்கம் கிடை வருவது குறைந்துவிட்டது. வருகிற மந்தையும் வேலிக் கணக்கில் (ஒரு வேலி இருபது மா) நிலம் வைத்திருப்பவர்களுக்கே சரியாக இருக்கிறது. மூன்று மாவுக்கு யார் வந்து நிற்பார்கள்? வீட்டில் மாடும் இல்லை. வண்டி எரு விலைக்கு வாங்கிப் பார்த்தேன். பாதி மண், அதோடு இலவசமாகக் களை விதை. அப்புறம்தான் பசுந்தாள் உரம் என்று இறங்கினேன். தக்கைப்பூண்டு மாதிரி ஒரு செடியை வயலிலேயே வளர்த்து, பச்சையாக இருக்கும்போதே மண்ணுக்குள் மடக்கி உழுதுவிடுவதுதான் அது. மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் செய்த தப்பு எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் விஷயம் இருக்கிறது.

2023 ஜூன் 10. கோடை மழையில் ஒரு சால் புழுதி உழவு ஓட்டி வைத்திருந்தேன். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய, வழவழப்பான விதை. அப்படியே வீசினால் கையிலிருந்து கொத்தாக விழும். இரண்டு பங்கு மணல் கலந்து, வயலை நான்காகப் பிரித்து, விதையையும் நான்காகப் பிரித்து வீசினேன். மேலே பரம்புப் பலகையால் லேசாக ஓர் இழுப்பு. பக்கத்து வயல் போரிலிருந்து ஒரு தண்ணீர். ஒரு மணி நேர வேலை. நான்காம் நாள் பச்சை தெரிந்தது. இதுவரை எல்லாம் சரி.

முப்பது நாளில் இடுப்பளவு வந்தது. வேளாண் விரிவாக்க மையத்தில் விதை கொடுக்கும்போதே "45 நாளில், பூவெடுக்கும் முன்னால மடக்கி உழுதிடுங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். 45ஆம் நாள் போய்ப் பார்த்தேன். என் தோள் உயரத்துக்கு நிற்கிறது. அந்த நிலத்தில் அவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்லை. இதைப் போய் இப்போதே உழுவதா, இன்னும் பதினைந்து நாள் விட்டால் இன்னும் இரண்டு டன் கூடுமே என்று ஆசை வந்தது. மஞ்சள் பூ வந்தது. தேனீ வந்தது. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அதற்குள் டிராக்டர் வைத்திருக்கும் தம்பிக்கு வேறு ஊரில் நாற்றங்கால் உழவு வந்துவிட்டது. அவன் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 17, 68ஆம் நாள்.

வயலுக்குள் இறங்கிப் பத்து நிமிஷம் ஓடியிருக்கும். ரொட்டவேட்டர் சத்தம் மாறியது. இறக்கிப் பார்த்தால் கத்தி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ரோட்டார் முழுக்க நார் சுற்றி, பெரிய வைக்கோல் பிரி மாதிரி உருண்டு கிடக்கிறது. தக்கைப்பூண்டின் தண்டில் சணல் மாதிரி நார் உண்டு, முற்றினால் கயிறே திரிக்கலாம். அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தோம். அன்றைக்கு மட்டும் ஆறு தடவை.

"அக்கா, இது உரம் இல்ல, வெறகு. அறுத்து அடுப்புக்கு வெச்சுக்குங்க" என்றான். இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு நான்கரை மணி நேர வாடகை. அப்படியும் முழத்துண்டு முழத்துண்டாகத் தண்டு சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த தப்பு அவசரம். நாற்று முற்றிக்கொண்டிருந்ததால் ஐந்தாம் நாளே நட்டுவிட்டேன். நட்ட ஒரு வாரத்தில் பச்சை பிடிக்க வேண்டிய பயிர் மஞ்சளடித்து நின்றது. வயலுக்குள் கால் வைத்தால் குமிழி குமிழியாகக் கிளம்பும், அழுகின முட்டை வாடை. ஒரு நாற்றைப் பிடுங்கினேன். வேர் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.

பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அழுகி முடியறதுக்கு முன்னாடியே நட்டுட்டியா? அந்தக் காலத்துல வாதநாராயணன் தழையும் பூவரசந் தழையும் போட்டு மிதிச்சுட்டு எத்தன நாள் காத்துக் கிடப்போம் தெரியுமா?"

நடந்தது இரண்டு காரியம். தண்டு முற்ற முற்ற அதில் கரிமப் பங்கு கூடிக்கொண்டே போகும், தழைச்சத்துப் (நைட்ரஜன்) பங்கு குறையும். மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்கு உடம்பு வளர்க்கத் தழைச்சத்து வேண்டும். தண்டில் போதவில்லை என்றால் மண்ணில் இருப்பதை அவை எடுத்துக்கொள்ளும். பயிர் பட்டினி கிடக்கும். மக்கி முடிந்த பிறகு அது திரும்ப மண்ணுக்கு வந்துவிடும் என்றாலும், நட்ட பயிர் அதுவரை காத்திருக்குமா? இது மஞ்சளுக்குக் காரணம். தேங்கிய தண்ணீருக்கு அடியில் காற்று இல்லாமல் பச்சை அழுகும்போது அமிலங்களும் கந்தக வாயுவும் உண்டாகி வேரைச் சுடும். இது கறுப்புக்குக் காரணம். நான் முற்றின தண்டையும் போட்டு, அழுகுகிற நேரத்திலேயே நட்டு, இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்கிக்கொண்டேன்.

தண்ணீரை வடித்து, மயிர் வெடிப்பு விடும் வரை காயவிட்டு, மறுபடி கட்டினேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக இரண்டு முறை. ஒரு மூட்டை யூரியாவும் போட வேண்டியதாயிற்று. பயிர் எழுந்துகொள்ள மூன்று வாரம் ஆனது. தூர் கட்ட வேண்டிய மூன்று வாரம் அது. அந்த வருஷம் எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வரும் மேட்டூர் அணையை அக்டோபர் 10ஆம் தேதியே மூடிவிட்டார்கள், அதனால் தண்ணீர்க் கஷ்டமும் சேர்ந்துகொண்டது. 60 கிலோ மூட்டையாக 26 கண்டது. அதற்கு முந்தைய வருஷம், ஒன்றும் செய்யாமலே, 28.

2024இல் தலைகீழாக ஆரம்பித்தேன். நடவு நாளை முதலில் குறித்தேன்: ஆகஸ்ட் 22. அதிலிருந்து பின்னால் எண்ணினேன். நடவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் முன்னால் மடக்க வேண்டும், ஆகஸ்ட் 9. அதற்கு 45 நாள் முன்னால் விதைக்க வேண்டும், ஜூன் 25. நாற்று 31 நாளில் எடுக்க, நாற்றங்கால் ஜூலை 22. ரகம் சி.ஆர். 1009 சப் 1, நீண்ட கால ரகம், நாற்று ஒரு மாதம் இருந்தாலும் கோபிக்காது. இந்தத் தேதிகளை டிராக்டர் தம்பியிடம் கொடுத்து, ஆகஸ்ட் 9க்கு முன்பணமும் கொடுத்துவிட்டுத்தான் விதையை வீட்டிலிருந்து எடுத்தேன். "இன்னும் வெதைக்கவே இல்ல, அதுக்குள்ள மடக்க அட்வான்சா?" என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. ஜூலை 28இல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்தவர்களுக்குக் குறுவை போயிற்று. பசுந்தாளுக்கு மட்டும் அது வசதியாகப் போய்விட்டது என்று சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. விதைக்கு ஒரு தண்ணீர், இருபதாம் நாள் ஒன்று, இரண்டும் போர் தண்ணீர். நடுவில் ஒரு நல்ல இடிமழை. தக்கைப்பூண்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஒரு விஷயம்: தக்கைப்பூண்டு தண்ணீர் தாங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தாங்கும்தான், ஒரு மாதச் செடியானால் முழங்கால் தண்ணீரில்கூட நிற்கும். முளைத்து ஒரு வாரத்தில் தேங்கினால் அழுகிப் போகும். என் வயலில் மடைக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவு இடம் அப்படித்தான் மொட்டையானது. வரப்போரம் சோதனைக்காக இன்னொரு பசுந்தாள் செடியான சணப்பையும் ஒரு பிடி போட்டிருந்தேன். இடிமழைத் தண்ணீர் இரண்டு நாள் நின்றதில் அது மொத்தமும் காலி. சணப்பைக்கு வடிகிற மண் வேண்டும். எங்கள் களிக்குச் சரிவராது.

இன்னொரு தொல்லை வெள்ளாடு. தக்கைப்பூண்டு ஆட்டுக்கு அல்வா. ஊரெல்லாம் வறண்டு கிடக்கும் ஜூலையில் ஒரே ஒரு வயல் மட்டும் பச்சை என்றால் சொல்லவா வேண்டும்? வலை கட்டினேன். வலைக்கு மேலே எட்டித் தின்றன. கடைசியில் ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போய், வரப்போரம் இரண்டு முழ அகலம் அறுத்துக்கொள்ளுங்கள், உள்ளே விடாதீர்கள் என்று ஒப்பந்தம் போட்டேன். அது நன்றாக வேலை செய்தது.

முப்பதாம் நாள் பத்துச் செடியை மண்வெட்டியால் வேரோடு எடுத்துப் பார்த்தேன். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எட்டுச் செடியில் நல்ல சிவப்பு, மிளகு அளவு முடிச்சு, எண்ண முடியாத அளவு. மற்ற இரண்டில் நாலைந்து முடிச்சுதான், உள்ளே வெளுத்த பச்சை. அந்த இரண்டும் வடமேற்கு மூலையில் எடுத்தவை. வீடு கட்டும்போது அங்கேதான் மேல்மண் வெட்டினோம், பத்து சென்ட் இருக்கும். செடியும் அங்கே முழங்கால் உயரம்தான். மண்ணைக் கெடுத்தது யார் என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நாங்களேதான்.

மடக்குவதற்கு முந்தின நாள் எடை போட்டேன். நான்கு மூங்கில் குச்சியை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டராகக் கட்டிச் சட்டம் செய்து, செடிகளுக்குள் இறக்கி, உள்ளே இருப்பதை மட்டும் அடியோடு அறுத்துத் தராசில் வைத்தேன். ஓரிடத்தில் 2.3 கிலோ. இன்னொன்றில் 2.1. அந்த மூலையில் 0.7. ஓர் ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். மூலைக்குக் கழித்துச் சராசரி 2 கிலோ என்று வைத்தால் 8 டன் பச்சை. கிடை போட்டாலும் வண்டி எரு அடித்தாலும் எட்டு டன் பொருளை எனக்கு யாரும் கொண்டுவந்து கொட்டப் போவதில்லை.

ஆகஸ்ட் 9 காலை. ஆற்றுத் தண்ணீர் எட்டிப் பார்த்திருந்தது. வயலில் இரண்டு விரற்கடை தண்ணீர் மட்டும் கட்டினேன். அதிகம் கட்டினால் செடி மிதக்கும், கத்திக்கு அகப்படாது. தண்ணீரே இல்லையென்றால் களி கத்தியைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ரொட்டவேட்டரைத் தூக்கியபடியே கேஜ் வீலை (சேற்றில் ஓட்டும் இரும்புச் சக்கரம்) மட்டும் ஓட்டிச் செடியை ஒரு பக்கமாகச் சாய்த்தோம். அப்புறம் செடி சாய்ந்த அதே திசையில் ரொட்டவேட்டரை இறக்கி ஓட்டினோம். எதிர்த் திசையில் ஓட்டினால் செடி நிமிர்ந்து சுற்றும். இதை யாரும் சொல்லித் தரவில்லை, முதல் மூலையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டு நாங்களே கண்டுபிடித்தது. 45 நாள் தண்டு கீரைத்தண்டு மாதிரி நொறுங்கியது. ஒன்றே முக்கால் மணி நேரம். நார் எடுக்க ஒரு தடவைதான் நிறுத்தினோம்.

மடக்கியதும் எல்லா மடையையும் அடைத்து, வரப்பு நண்டு வளைகளையும் மிதித்துவிட்டேன். மூன்றாம் நாள் தண்ணீர் காபி நிறமாகிவிட்டது, மேலே நுரை. வாடைக்குப் பயந்து 2023இல் இதைத்தான் கீழ் வயலுக்கு வடித்தேன். கரைந்த சத்தெல்லாம் அதோடு போயிருக்கும். அந்த வருஷம் கீழ் வயல்காரருக்கு விளைச்சல் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த முறை ஒரு சொட்டு விடவில்லை. பத்தாம் நாள் காலைச் சேற்றுக்குள் விட்டுக் கிளறினேன். இலை இருந்த இடமே தெரியவில்லை, தண்டு விரலால் நசுக்கினால் கூழாகியது. குமிழி நின்றுவிட்டிருந்தது. மறுபடி ஒரு சால் உழவு, பரம்பு, ஆகஸ்ட் 22 நடவு.

அடியுரமாகப் போடும் தழைச்சத்தை முழுக்க நிறுத்திவிட்டேன். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) மட்டும் மண் பரிசோதனை அட்டையில் சொன்ன அளவில். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன். இலை நான்காம் எண் நிறத்துக்குக் கீழே இறங்கினால் யூரியா, இல்லையென்றால் இல்லை. 28 நாள் வரை இறங்கவே இல்லை. பக்கத்து வயல்களில் அதற்குள் இரண்டு தடவை யூரியா விழுந்திருந்தது. மொத்தத்தில் எனக்கு இரண்டு மூட்டை மிச்சம். அந்த மூலை மட்டும் பதினெட்டாம் நாளே வெளுத்தது, அங்கே தனியாகக் கொஞ்சம் போட்டேன்.

இப்போது காசுக் கணக்கு, பசுந்தாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுலபமாகத் தாண்டிப் போகிற இடம். 8 டன் பச்சையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காய்ந்தது 1.6 டன். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து என்று வைத்தால் 48 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ. அதாவது இரண்டேகால் மூட்டைக்குக் கொஞ்சம் மேலே. மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக, நான் வளர்த்தது சுமார் அறுநூறு ரூபாய் யூரியா! அதிலும் எல்லாமே முதல் பயிருக்குக் கிடைத்துவிடாது, ஒரு பகுதி மண்ணிலேயே தங்கும். எனக்கு ஆன செலவோ விதை பாதி மானியம் போக 1,100, புழுதி உழவு 1,200, இரண்டு போர் தண்ணீர் 800, மடக்கு உழவு 2,100. மொத்தம் 5,200. யூரியாவுக்குப் பதிலாக என்று மட்டும் பார்த்தால் இது பைத்தியக்காரத்தனம். யூரியா விலையே அரசு மானியத்தில் கட்டிவைத்த விலை என்பது உண்மைதான், ஆனால் என் கையிலிருந்து போவது அந்த விலைதானே.

எனக்குக் காசாகத் திரும்பி வந்தது வேறு இடத்தில். 45 நாள் அடர்ந்த நிழலில் களை முளைக்கவில்லை. கோரை மட்டும் அசையவில்லை, அது எதற்கும் அசையாது. சம்பாவில் இரண்டு களையெடுப்பு ஒன்றாகக் குறைந்தது, எட்டு ஆள் கூலி மிச்சம். அப்புறம் அந்த இரண்டு மூட்டை யூரியா. நவம்பர் கடைசி மழையில் வயல் மூழ்கி நாலு நாள் நின்றது. ரகமும் மூழ்கினால் தாங்கும் ரகம், அதனால் பிழைத்ததில் பசுந்தாளுக்குப் பங்கு கேட்க மாட்டேன். 31 மூட்டை கண்டது. 26க்கும் 31க்கும் நடுவில் தக்கைப்பூண்டு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரிக்க ஒரு வயலை மட்டும் வைத்து முடியாது. அடுத்த தடவை கால் மாவை விதைக்காமல் விட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக நினைக்க மட்டும்தான் செய்கிறேன், மனசு வரவில்லை.

மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.42இலிருந்து 0.45 சதவீதம். இதை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். வேறு மூலையில் மண் எடுத்தாலே இந்த வித்தியாசம் வரும். எங்கள் வெயிலில் பசுந்தாள் சீக்கிரம் மக்கி, சீக்கிரம் தீர்ந்தும் போகும். எரு மாதிரி வருஷக் கணக்கில் நிற்காது. ஒரு தடவை போட்டுவிட்டு மண் மாறிவிட்டது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் 2025 சித்திரையில் உழும்போது கட்டி பெயர்ந்த விதம் வேறு. முன்பெல்லாம் செங்கல் மாதிரி பெயரும், மண்வெட்டிக் காதால் அடிக்க வேண்டும். இந்த முறை கையால் உடைத்தேன். டிராக்டர் தம்பி தானாகவே "ஒரு கியர் கூடப் போகுதுக்கா" என்றான். அவனுக்கு என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

மிச்சம் இருந்தது அந்த மூலை. 2025இல் விதைக்கு முன்னால் அந்தப் பத்து சென்டுக்கு மட்டும் 15 கிலோ சூப்பர் பாஸ்பேட் போட்டேன். மணிச்சத்து இல்லாமல் வேர்முடிச்சு சரியாக உண்டாகாது. அங்கே போடுகிற விதைக்கு மட்டும் ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) பொட்டலம் வாங்கி, ஆறின அரிசிக் கஞ்சியில் குழைத்துப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி, சாயங்காலம் விதைத்தேன். வெயிலில் உலர்த்தினால் பொட்டலம் வாங்கிய காசு போச்சு. முப்பதாம் நாள் தோண்டிப் பார்த்தேன், ஆறு செடியில் நாலில் சிவப்பு. எடை 1.3 கிலோ. மற்ற இடத்து 2.2க்கு இன்னும் தூரம், 0.7ஐ நினைத்தால் எனக்குத் திருப்திதான்.

இந்தத் தையில் அறுப்புக்குப் பிறகு அந்த மூலையில் மட்டும் கொழுஞ்சி போட்டிருக்கிறேன், அதுவும் ஒரு பசுந்தாள் செடி. பெரியப்பா சொன்ன யோசனை. அவர்கள் காலத்தில் அறுத்த வயலில், ஈரம் இருக்கும்போதே தூவிவிட்டுப் போய்விடுவார்களாம். வறட்சிக்கு அஞ்சாது, ஆடு மாடு வாய் வைக்காது. விதைத்தோல் மட்டும் கல் மாதிரி, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. ஆற்று மணலோடு சேர்த்து உரலில் லேசாகத் தேய்த்து, தோல் மங்கியதும் எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் முளைத்தது. விரல் நீளம் இருக்கிறது. ஆட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாதும்மா" என்று போய்விட்டார்.